மாதச் சம்பளம் இல்லாதவர் வீட்டுக் கடன் பெறுவது எப்படி: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

குளச்சலில் வள்ளத்துக்குப் போகிறவர், குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர், தோவாளைச் சந்தையில் பூ வாங்கி விற்கிறவர், மார்த்தாண்டத்தில் சொந்த வேன் ஓட்டுகிறவர் ஆகியோர் ஓர் ஆண்டில் ஈட்டும் தொகை, மாதச் சம்பளக்காரர் பலரின் வருமானத்துக்குக் குறைந்ததல்ல. ஆயினும் வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குள் நுழைந்ததும் இவர்களிடம் முதலில் கேட்கப்படுவது சம்பளச் சீட்டுதான். அது இல்லை என்றதும் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. பிறகு நகையை அடகு வைத்தும், ஏலச்சீட்டை முன்கூட்டித் தள்ளி எடுத்தும், கைமாற்று வாங்கியும் வீட்டைக் கட்டி முடித்து, அந்தக் கடன்களை அடைக்கப் பல ஆண்டுகள் உழைக்கிறார்கள்.

வரிக் கணக்கும் கடன் கோப்பும் தயாரித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கும் நான், வருகிறவர்கள் எல்லோரிடமும் முதலில் சொல்வது ஒன்றே. வங்கி இன்றைய உங்களைப் பார்ப்பதில்லை, கடந்த 24 மாதங்களைப் பார்க்கிறது. ஆகவே வீடு என்ற எண்ணம் வந்த அன்றே, மனை பார்ப்பதற்கும் முன்பாக, வருகிற பணத்தைக் கணக்கில் பதியவைக்கும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மூன்று மாதக் கெடுவோடு ஓடி வருகிறவருக்கு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

வங்கி போடும் கணக்கு

கடன் கொடுப்பவர் உங்கள் மாத வருமானத்தில் ஏறத்தாழப் பாதி வரையில்தான் எல்லாத் தவணைகளுக்குமாகச் சேர்த்துப் போகலாம் என்று வைத்துக்கொள்கிறார். வருமானம் குறைவாக இருந்தால் இந்தப் பங்கு 40 விழுக்காடு வரை இறங்கும். 10 லட்சம் ரூபாய்க் கடனை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 9,000 ரூபாய் வரும். அப்படியானால், வேறு கடன் எதுவும் இல்லாத நிலையில், மாதம் 18,000 ரூபாய் வருமானத்தைக் காட்ட முடிந்தவருக்கே 10 லட்சம் கிடைக்கும். ஏற்கெனவே பைக்குக்கு 3,000 ரூபாய் தவணை போய்க்கொண்டிருந்தால் கடன் மூன்று லட்சத்துக்கும் மேல் குறைந்துவிடும். ஆகவே விண்ணப்பிப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே சிறு கடன்களை அடைத்து முடிப்பது, கடன் தொகையைக் கூட்டுவதற்கான மிக எளிய வழி.

ஏறி இறங்கும் வருமானத்தை வங்கி ஆண்டு முழுமைக்குமாகக் கூட்டி 12ஆல் வகுக்கும். நல்ல மாதத்தில் வந்த ஒரு பெரிய தொகையைக் காட்டிப் பயனில்லை. இரண்டு ஆண்டுகளில் ஓராண்டு நன்றாகவும் மற்றோராண்டு மோசமாகவும் இருந்தால், சில இடங்களில் சராசரியை எடுப்பார்கள், சில இடங்களில் குறைந்த ஆண்டையே எடுப்பார்கள். எந்த முறையில் கணக்கிடுகிறார்கள் என்பதை விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கு முன்பே கிளை அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இது கேட்கக் கூடாத கேள்வி அல்ல.

வருமானத்தைத் தாளில் பதிப்பது

பொதுவான விதி எல்லாத் தொழிலுக்கும் ஒன்றுதான். வருகிற பணம் முழுவதும் ஒரே வங்கிக் கணக்கில் விழ வேண்டும், செலவுக்கான பணம் அதிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். கையில் வாங்கிய ரொக்கத்திலிருந்து அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் வங்கியில் போடும் பழக்கம்தான், மாதம் 40,000 ரூபாய் சம்பாதிப்பவரைப் பாஸ்புக்கில் 12,000 ரூபாய்க்காரராகக் காட்டுகிறது. ரொக்கமாக வாங்கினாலும் வாரம் ஒரு முறை முழுத் தொகையையும் கணக்கில் கட்டுங்கள். விண்ணப்பிப்பதற்கு முந்தைய வாரத்தில் திடீரென்று இரண்டு லட்சத்தைக் கட்டுவது உதவாது. அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் எழும்.

மீன்பிடித் தொழிலில் வருமானம் பங்கு முறையில் பிரிவதால் அதற்கு ரசீது கிடையாது. படகு கரை சேர்ந்து ஏலம் முடிந்து, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, படகுக்கான பங்கும் போக மீதிதான் தொழிலாளிகளுக்குப் பிரிகிறது. இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கடலுக்குப் போன நாள், படகின் பதிவு எண், மொத்த விற்பனை, கழித்த செலவு, தனக்கு வந்த பங்கு ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு முறையும் எழுதி, மாதக் கடைசியில் படகு உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பங்குத் தொகையை ஜி-பே போன்ற வழியில் கணக்குக்கே அனுப்பச் சொன்னால் நோட்டும் பாஸ்புக்கும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும். மீனவர் சங்கம் வழியாக விற்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. சங்கத்தின் விற்பனைப் பதிவே சான்றாகும், அதிலிருந்து பிடிக்கப்பட்ட சேமிப்பும் கடன் திருப்பமும் உங்கள் ஒழுங்குக்குச் சாட்சியாகும்.

விசைப்படகில் போகிறவர்களின் கோப்பில் தடைக்கால மாதங்கள் வெறுமையாகத் தெரியும். குமரி மாவட்டத்தில் இது இரண்டு வகையாக இருக்கிறது. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக்கான தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக்கான தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் நடைமுறையில் இருக்கின்றன. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரிக்கு இது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாஸ்புக்கில் இரண்டு மாதம் வரவு இல்லை என்று மட்டுமே அவர் பார்ப்பார். ஆகையால் கோப்பின் முதல் பக்கமாக ஒரு விளக்கக் கடிதம் வைப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். அதன் வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“நான் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து செல்லும் விசைப்படகில் பங்குத் தொழிலாளியாக வேலை செய்து வருகிறேன். ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் ஆதலால் அந்த இரு மாதங்களில் என் கணக்கில் தொழில் வருமானம் வருவதில்லை. மீதிப் பத்து மாதங்களில் கடந்த ஆண்டு மொத்தம் 3,84,000 ரூபாய் வரவாகியுள்ளது. இதனை 12 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 32,000 ரூபாய் ஆகிறது. தடைக்காலத் தவணைகளுக்காக மூன்று தவணைக்குரிய தொகையைத் தனிக் கணக்கில் வைத்துள்ளேன். அதன் நகலையும், படகு உரிமையாளர் கையொப்பமிட்ட பங்குக் கணக்கின் நகலையும் இணைத்துள்ளேன்.”

கடிதத்தில் உருக்கம் வேண்டியதில்லை. எண்கள் பாஸ்புக்கோடு ஒத்துப் போனால் போதும்.

ரப்பரில் வெறுமையான மாதங்கள் வேறு காரணத்தால் வருகின்றன. மழை நாட்களில் வெட்டு நடக்காது. இலை உதிரும் மாதங்களில் பால் குறைந்து வெட்டை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். பிறர் தோட்டத்தில் வெட்டுகிறவர், மரக் கணக்குக்கோ நாளுக்கோ இவ்வளவு என்று கூலி வாங்குகிறார். தோட்டக்காரர் எழுதித் தரும் ஆண்டுச் சான்றும், கணக்கில் விழும் கூலியும் அவருக்குப் போதுமானவை. சொந்தமாக ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் கடையில் போடும்போது துண்டுச் சீட்டில் விலை எழுதி வாங்கிக்கொள்வதோடு நின்றுவிடுகிறார். தன் பெயரில் பில் கேட்க வேண்டும், பணத்தை வங்கி வழியாக வாங்க வேண்டும். நிலத்துக்கான தீர்வை ரசீதும், கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலும் சேர்ந்தால் அந்தப் பில்களுக்கு வலு கூடும். ஈத்தாமொழிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரருக்கும் இதே வழிதான்.

பூ, மீன், காய்கறி விற்பவர்களுக்கும் தையல் கடை, தேநீர்க் கடை நடத்துபவர்களுக்கும் கடை மேசையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையே இன்று சிறந்த சான்று. அதன் மாதாந்திரப் பட்டியலை அந்தச் செயலியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இதனோடு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவாகிய உத்யம் பதிவையும் செய்துவிடுங்கள். அரசின் இணையதளத்தில் அது முற்றிலும் இலவசம், அதற்குப் பணம் கேட்பவர் இடைத்தரகர் மட்டுமே. பதிவின் தேதி தொழிலின் வயதைக் காட்டும் என்பதால், கடன் வேண்டிய மாதத்தில் எடுப்பதைவிட இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்திருப்பதே பயன் தரும்.

வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறவர்கள் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், என்.ஆர்.இ. கணக்கின் (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் கணக்கு) விவரம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். அங்கிருந்து வங்கி வழியல்லாமல் ஆள் மூலம் அனுப்பிய பணம் சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, எந்தக் கோப்பிலும் ஏறாது. ஊரில் மனைவியோ தந்தையோ கையெழுத்திட வேண்டுமானால் அதிகாரப் பத்திரம் தேவை. அதை அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வையைக் கட்ட வேண்டும். அஞ்சலில் வந்ததை அலமாரியில் வைத்து மறந்துவிடுகிற வீடுகள் பல. கப்பலில் போகிறவர்களுக்குக் கரையிலிருக்கும் மாதங்களில் சம்பளம் இல்லை என்பதால், கப்பல் பணியைப் பதியும் சி.டி.சி. புத்தகத்தின் பக்கங்களையும் கடந்த மூன்று ஆண்டுகளின் ஒப்பந்தங்களையும் வரிசையாக அடுக்கி, ஓராண்டில் எத்தனை மாதம் கப்பலில் இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி மேலே வைக்க வேண்டும்.

வரிக் கணக்கு: அதிகம் தவறு நடக்கும் இடம்

சொந்தத் தொழில் செய்கிறவரிடம் வங்கி குறைந்தது இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்கும், சில வங்கிகள் மூன்று ஆண்டு கேட்கும். “எனக்கு வரியே வராது, பிறகு எதற்குக் கணக்கு?” என்பது இந்த மாவட்டத்தில் நான் மிகுதியாகக் கேட்கும் கேள்வி. வரி வராதபோது கணக்குக் கொடுப்பதுதான் மிக மலிவானது என்பதே அதற்குப் பதில்.

சிறு தொழிலுக்கு, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி என்ற பிரிவெண்ணால் எல்லோரும் அறிந்த ஓர் ஏற்பாடு உண்டு. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் எண் மாறினாலும் ஏற்பாடு தொடர்கிறது. பேரேடு எழுதாமல், மொத்த விற்பனையில் ரொக்கமாக வந்ததற்கு 8 விழுக்காட்டையும் வங்கி வழியாக வந்ததற்கு 6 விழுக்காட்டையும் இலாபமாகக் காட்டலாம். ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். ஒரு கடையின் ஆண்டு விற்பனை 20 லட்சம், அதில் 12 லட்சம் கியூ.ஆர். வழியாகவும் 8 லட்சம் ரொக்கமாகவும் வந்தது. முதலாவதில் 72,000, இரண்டாவதில் 64,000, ஆக 1,36,000 ரூபாய் இலாபம் என்று கணக்காளர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். வங்கியின் கண்ணில் அவர் மாதம் 11,333 ரூபாய் சம்பாதிப்பவர். அதில் பாதியைத் தவணைக்கு ஒதுக்கினால் கிடைக்கும் கடன் ஆறு லட்சத்தைச் சிறிதே தாண்டும்.

ஆனால் சட்டம் சொல்லும் 6, 8 விழுக்காடுகள் குறைந்த அளவுதான். உண்மையான இலாபம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் கூடுதலாகத்தான் காட்ட வேண்டும். மேற்சொன்ன கடைக்காரருக்கு உண்மையில் 4 லட்சம் மிஞ்சுகிறது என்றால் அதையே எழுதலாம். மாத வருமானம் 33,333 ஆகும், கடன் ஏறத்தாழ 18 லட்சத்துக்கு உயரும். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான தொழில் வருமானத்துக்குத் தள்ளுபடியின் பயனால் வரி இல்லை. எனவே உண்மையை எழுதியதற்காக அவர் கட்டும் வரி ஒன்றுமில்லை. வருமானத்தைக் குறைத்துக் காட்டி வரியை மிச்சப்படுத்தும் பழைய பழக்கம், வரியே இல்லாத இடத்திலும் தொடர்வதால் வரும் நஷ்டம் இது.

இதற்கு விதிவிலக்குகள் சில உண்டு. கமிஷன், தரகு ஆகியவற்றால் வருமானம் பெறுபவர் இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்த முடியாது. ஆகவே மீன் ஏலத் தரகரும், பூச்சந்தையின் கமிஷன் மண்டிக்காரரும் முறையாகப் பேரேடு எழுதியே ஆக வேண்டும். சரக்கு வண்டி வைத்திருப்பவருக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. கனரக வண்டி அல்லாததற்கு, வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய் குறைந்தபட்ச இலாபமாகக் கொள்ளப்படும். அவரும் உண்மையில் கிடைப்பதைக் கூடுதலாகக் காட்டலாம். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை, ஆனால் அது ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் எளிய படிவமான சுகம் செல்லாது, வேறு படிவத்தில் எழுத வேண்டும். மீன்பிடி வருமானமும் விவசாய வருமானம்தான் என்று பலர் நம்புகிறார்கள். கடலில் பிடிக்கும் மீனுக்கு அந்த விலக்கு இல்லை.

ஒரு தவறை நானே செய்திருக்கிறேன். அவசரத்தில் வந்த ஒரு பூ வியாபாரிக்கு, முந்தைய ஆண்டின் கணக்கைத் தாமதக் கட்டணத்தோடு டிசம்பரிலும் அடுத்த ஆண்டின் கணக்கை ஏப்ரலிலும் போட்டுக் கொடுத்து, மே மாதத்தில் கடனுக்கு அனுப்பினேன். எண்கள் உண்மையானவைதாம். ஆனால் அதுவரை கணக்கே கொடுக்காதவர் நான்கு மாத இடைவெளியில் இரண்டு கணக்குகள் கொடுத்திருப்பதைப் பார்த்த அதிகாரி, இது கடனுக்காகவே செய்தது என்று எழுதித் திருப்பிவிட்டார். அவர் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. கெடுவுக்குள் கொடுத்த இரண்டு கணக்குகளுக்கு இருக்கும் மதிப்பு, அவசரத்தில் கொடுத்தவற்றுக்கு இல்லை.

இல்லாத வருமானத்தை எழுதித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் போக வேண்டாம். வரிக் கணக்கைப் பாஸ்புக்கோடும் துறையின் பதிவோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது வங்கியின் முதல் வேலை. மேலும் காட்டிய வருமானம் கடனுக்கு மட்டும் தெரிந்து மற்ற இடங்களில் மறைந்திருக்காது. 2023இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம் என்று வைக்கப்பட்டது. 4 லட்சம் என்று கணக்குக் கொடுத்த வீட்டில் அப்படிப்பட்ட உதவி தொடரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இந்தக் கணக்கைக் குடும்பத்தோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது, ஏனெனில் சண்டை பிறகு வீட்டுக்குள்தான் வருகிறது.

கடன் வரலாறு

யார் எந்தக் கடனை எப்படிக் கட்டினார் என்று பதிந்து வைக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் நாட்டில் நான்கு உண்டு, அவை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை எடுத்துப் பாருங்கள். நகைக் கடனும் மகளிர் குழுக்களுக்கு நிறுவனங்கள் கொடுக்கும் சிறு கடனும் அதில் ஏறுகின்றன. அடைத்து முடித்த கடன் நிலுவையாகத் தெரிவதும், நீங்கள் ஜாமீன் போட்ட அண்டை வீட்டாரின் பாக்கி உங்கள் பெயரில் நிற்பதும் நடக்கும். பிழை இருந்தால் எழுத்தில் முறையிடுங்கள், 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதுவரை எந்தக் கடனும் வாங்காதவரை அந்தக் காரணத்துக்காக மட்டுமே மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஒரே மாதத்தில் ஐந்து இடங்களில் விண்ணப்பித்துப் பார்க்கும் முயற்சி, அந்த அறிக்கையில் வரும் கடன் மதிப்பெண்ணை (ஸ்கோர்) இறக்கும்.

மனையும் பத்திரமும்

வருமானம் சரியாக இருந்தும் நம் மாவட்டத்தில் கடன் தடைபடுவது பெரும்பாலும் பத்திரத்தில்தான். 1956 நவம்பர் 1க்கு முன்பு இது திருவிதாங்கூரோடு இருந்த நிலம். அக்காலத்து மூலப்பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுத் தேதியோடு இருக்கின்றன. கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும், ஆண்டின் முதல் சில மாதங்களுக்கு 824 கூட்ட வேண்டும். இஷ்டதானம், தனநிச்சயம் (சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரங்கள்), ஒற்றி (கடனுக்கு ஈடாக நிலத்தை அனுபவிக்க விடுவது) போன்ற சொற்களோடு வரும் அந்தப் பத்திரங்களை வங்கியின் வழக்கறிஞர் படிக்க முடியாமல் போகலாம் என்பதால், தகுதியுள்ள ஒருவரிடம் மொழிபெயர்ப்பு வாங்கிக் கையொப்பத்தோடு இணைக்க வேண்டும். பாட்டனார் காலத்தில் எழுதிய ஒற்றி மீட்கப்பட்டதற்கான பத்திரம் இல்லாமல் போனால், எழுபது ஆண்டுக்கு முந்தைய அந்தச் சில நூறு ரூபாய்க்காக இன்றைய 15 லட்சம் நின்றுவிடும்.

பழைய சர்வே எண் பத்திரத்திலும், மறு அளவையில் வந்த ரீசர்வே எண் பட்டாவிலும் இருப்பது அடுத்த சிக்கல். இரண்டும் ஒரே நிலம்தான் என்று காட்டும் சான்றை வருவாய்த் துறையிடம் வாங்குவதற்குச் சில வாரங்கள் ஆகும். வாய்ப் பேச்சாகப் பிரித்துக்கொண்ட குடும்பச் சொத்தில் கட்ட நினைப்பவர் முதலில் பாகப்பிரிவினையைப் பதிவு செய்து தன் பெயருக்குப் பட்டா மாற்ற வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் அண்ணனின் கையெழுத்துக்குக் காத்திருப்பதும் அந்த இரண்டு ஆண்டுக் கணக்கில் சேர்ந்ததுதான். கடற்கரை ஊர்களில் பட்டா இல்லாத புறம்போக்கில் அமைந்த வீடுகளுக்கு வங்கிக் கடன் கிடைக்காது. அலைவாய்க்கரைக்கு அருகிலுள்ள மனையில் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளையும், மேற்குத் தொடர்ச்சி மலையோரக் கிராமங்களில் மலைப்பகுதிப் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அங்கீகாரமற்ற மனைப்பிரிவில் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கம், கடன் வாங்குகிறவருக்கே பாதகமாகத் திரும்பும். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் 90 விழுக்காடு வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் உச்ச வரம்பு. 20 லட்சம் ரூபாய் வீட்டை 12 லட்சம் என்று எழுதினால் 8 லட்சத்துக்குரிய 9 விழுக்காடு, அதாவது 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் சேர்ந்த 72,000 ரூபாய் மிச்சமாகும். ஆனால் அதிகபட்சக் கடன் 18 லட்சத்திலிருந்து 10,80,000 ரூபாய்க்கு இறங்கிவிடும். குற்றமும் ஆகும். முழு விலையை எழுதினாலும் அந்த 9 விழுக்காடு பொதுவாகக் கடனில் சேராது, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். ஆகவே 20 லட்சம் வீட்டுக்கு விலையில் உங்கள் பங்கு 2 லட்சமும் பதிவுச் செலவு 1,80,000 ரூபாயும் சேமிப்பில் இருக்க வேண்டும். சொத்தின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து பெண்ணின் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறையும். முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது.

யாரிடம் கேட்பது

பொதுத்துறை வங்கி, கிராம வங்கி, மாவட்டக் கூட்டுறவு வங்கி ஆகியவற்றில் வட்டி குறைவு, ஆவணக் கண்டிப்பு அதிகம். வீட்டு வசதி நிதி நிறுவனங்களில் சில, வரிக் கணக்கே இல்லாதவரின் கடைக்கும் வீட்டுக்கும் ஆளை அனுப்பி, சரக்கு இருப்பையும் நாள் விற்பனையையும் நேரில் பார்த்து வருமானத்தை மதிப்பிடுகின்றன. அதற்கான விலை வட்டியில் சேரும். 10 லட்சத்துக்கு 20 ஆண்டுகளில் 9 விழுக்காட்டில் 9,000 ரூபாயாக இருந்த தவணை, 12 விழுக்காட்டில் 11,000 ரூபாய் ஆகும். மொத்தத்தில் ஏறக்குறைய 4,80,000 ரூபாய் கூடுதலாகப் போகும். என் கருத்தில், ஓராண்டு பொறுத்து வரிக் கணக்கைச் சீர்செய்து வங்கிக்குப் போக முடிந்தவர் அப்படியே செய்ய வேண்டும். பொறுக்க முடியாதவர் நிதி நிறுவனத்தில் வாங்கி, ஒழுங்காகக் கட்டி, இரண்டு மூன்று ஆண்டுகளில் வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.

மனைவி செவிலியராகவோ ஆசிரியராகவோ மாதச் சம்பளம் வாங்கினால் அவரைத் துணை விண்ணப்பதாரராகச் சேர்ப்பது கோப்பின் தன்மையையே மாற்றிவிடும். நகர்ப்புறத்துக்கான பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள்ளும் வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருந்து, நாட்டில் எங்கும் குடும்பத்துக்குச் சொந்தமாக நல்ல வீடு இல்லையென்றால், 1,80,000 ரூபாய் வரை வட்டி மானியம் ஐந்து ஆண்டுத் தவணைகளில் வரும். பேரூராட்சிகள் நிறைந்த நம் மாவட்டத்தில், கிராமம் என்று நாம் நினைக்கும் பல ஊர்கள் இதற்குள் வரக்கூடும். அசலில் பாதிக்கு மேல் நிலுவை இருக்கும் வரையில்தான் மானியம் விடுவிக்கப்படும் என்பதை, அவசரமாக அடைக்க நினைப்பவர் கவனிக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கை என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் அது கட்டாயம், உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம் எல்லாம் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்கும். கேட்காமலே சேர்க்கப்பட்ட காப்பீடு பெரும்பாலும் அந்தத் தாளில்தான் வெளிப்படுகிறது.

தவணையை அமைப்பது

வங்கி சராசரியைப் பார்த்துக் கடன் கொடுத்தாலும், நீங்கள் உங்கள் மிக மெலிந்த மாதத்தை வைத்தே தவணையை முடிவு செய்ய வேண்டும். காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்துக்கொண்டு, மீன்பாடு நன்றாக இருக்கும் மாதத்திலோ ஓணம், கல்யாண முகூர்த்தப் பூ வியாபாரத்திலோ கிடைக்கும் கூடுதல் பணத்தை அசலில் கட்டுவது ஏறி இறங்கும் வருமானத்துக்கு ஏற்ற முறை. கட்டும்போது ‘அசலில் வரவு வைக்கவும், காலத்தைக் குறைக்கவும்’ என்று எழுதிக் கொடுங்கள். சில வங்கிகளில் ஓவர்டிராஃப்ட் முறையிலான வீட்டுக் கடன் உண்டு. மிச்சப் பணத்தை அந்தக் கணக்கில் போட்டு வைத்தால் அந்த அளவுக்கு வட்டி குறையும், வேண்டும்போது திரும்ப எடுக்கலாம். தடைக்காலம் உள்ளவருக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

மூன்று தவணைக்கான தொகையைத் தனியே வைக்கச் சொன்னது கடிதத்துக்காக மட்டும் அல்ல. தவணை ஒரு முறை திரும்பினாலும் அபராதத்தோடு கடன் அறிக்கையிலும் ஏறும். 90 நாட்கள் தொடர்ந்து கட்டாமல் போனால் கடன் வாராக் கடனாகிவிடும். மழையோ புயலோ நீண்டு தொழில் முடங்கினால், தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய் எழுத்தில் தெரிவியுங்கள்.

மூலப்பத்திரங்களை ஒப்படைக்கும் நாளில், எத்தனைத் தாள், எந்த எண், எந்தத் தேதி என்று ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட பட்டியலில் வங்கியின் முத்திரையோடு கையெழுத்து வாங்கி, அந்தப் பட்டியலைப் பாஸ்புக்கோடு பத்திரப்படுத்துங்கள். கடன் முடிந்த 30 நாட்களுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தாமதத்துக்கு வங்கியே காரணமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. அதைக் கேட்டு வாங்க உங்கள் கையில் இருக்கப்போவது அந்தப் பட்டியல்தான்.